புழுங்கல் அரிசியும் பெரிபெரி நோயும்: மலாயா மண்ணில் ஓர் ஆய்வு வரலாறு

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் ரப்பரைப் பற்றி எழுதுவர். இரயில் பாதைகளைப் பற்றி எழுதுவர். கங்காணி முறையைப் பற்றியும் கப்பல் பயணத்தைப் பற்றியும் எழுதுவர். அம்மக்கள் நாள்தோறும் உண்ட அரிசியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் உலக மருத்துவ வரலாற்றில் மலாயாத் தமிழருக்கு ஓர் இடம் உண்டென்றால், அவ்விடத்தை அவர்களுக்குப் பெற்றுத் தந்தது அந்த அரிசியே ஆகும். கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் வாழும் நாம் நெல்வயல்களைப் பார்த்தபடியே பள்ளிக்குச் சென்று வருகிறோம். நம் கண்முன் விளையும் அந்த நெல்லுக்குள் ஒரு நூற்றாண்டுக்கால ஆராய்ச்சி அடங்கியிருப்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடமையென்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மூவகை மக்கள், மூவகை அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவை வாட்டிய நோய்களுள் பெரிபெரி ஒன்று. முதலில் கால் மரத்துப்போகும். பின்னர் நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் இதயம் ஓய்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே இந்நோய்க்குப் பெருமளவில் இரையாயினர். சிறைச்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இது அடிக்கடி தலைகாட்டியது. இதன் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. சதுப்பு நிலத்தின் நச்சாவி என்றனர் சிலர். கண்ணுக்குப் புலப்படாத கிருமி என்றனர் வேறு சிலர். கிருமிகளின் கண்டுபிடிப்பு உச்சத்தில் இருந்த காலம் அது. ஆதலின் எந்த நோய்க்கும் கிருமியையே தேடுவது மருத்துவ உலகின் வழக்கமாயிருந்தது.

அந்நிலையில் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய லியோனார்ட் பிராடன் என்பார் மக்களின் உணவை உற்று நோக்கினார். ஒரே நாட்டில், ஒரே மழையில், ஒரே வெயிலில் வாழ்ந்த மூன்று இனத்தாருள் சீனரை மட்டும் இந்நோய் மிகுதியாகத் தாக்குவதைக் கண்டார். சிற்றூர்களில் வாழ்ந்த மலாய்க்காரர், தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். அவர்களிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்த தமிழர், இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கல் அரிசியை உண்டனர். அவர்களிடமும் இந்நோய் அரிது. சுரங்கத்துச் சீனர் உண்டதோ, சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டப்பட்ட பச்சரிசி. வேறுபாடு இரத்தத்தில் இல்லை, உலையில் இருக்கிறது என்று பிராடன் உணர்ந்தார். தம் கருத்துகளைத் திரட்டி 1907-ஆம் ஆண்டில் பெரிபெரி நோயின் காரணமும் தடுப்பும் பற்றி ஒரு பெருநூலாக இலண்டனில் வெளியிட்டார்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். தமிழ்த் தொழிலாளர் நலமாக வாழ்ந்தனர் என்பது இதன் பொருளன்று. மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுளைச்சலும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. தோட்ட நிருவாகங்கள் அரிசியை வாங்கிக் கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டன. பல கொடுமைகளுக்கு நடுவே ஒரே ஒரு நோயிலிருந்து மட்டும் அவர்கள் தப்பினர். அதற்குக் காரணம் அரசாங்கமோ துரைமார்களோ அல்லர். தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் அவர்களுடைய பாட்டிமார் வழிவழியாகக் கைக்கொண்ட ஒரு வழக்கமே.

அவ்வழக்கம் எளிமையானது. நெல்லை நீரில் ஊறவைத்து, உமியோடு அவித்து, களத்தில் பரப்பி உலர்த்தி, பின்னரே குத்துவது. அவித்த நெல்லில் உமி எளிதில் கழலும், அரிசி நொறுங்காது, நெடுநாள் கெடாது. இக்காரணங்களுக்காகவே நம் பெண்கள் நெல் அவித்தனர். அவ்வாறு அவிக்கும்போது மற்றொரு நன்மையும் விளைந்தது. அது இன்னதென அவர்களும் அறியார். அன்றைய மருத்துவரும் அறியார்.

கோலாலம்பூரில் நடந்த ஆய்வு

பிராடனின் கருத்தை ஐயுற்றோர் பலர். அவர்களுள் ஒருவர் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர். அவர் பணிபுரிந்த கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அரிசியே காரணமா என்பதைச் சோதித்து அறிய அவர் முனைந்தார்.

1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விடுதியிலிருந்த நோயாளர் அனைவரையும் உணவுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணினர். ஒற்றைப்படை எண் பெற்றோர் கிழக்குப் பகுதியில் தங்கவைக்கப்பட்டுச் சயாமின் வெள்ளைப் பச்சரிசியைப் பெற்றனர். இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குப் பகுதியில் தங்கவைக்கப்பட்டு இந்தியப் புழுங்கல் அரிசியைப் பெற்றனர். மற்ற உணவுப் பொருள்கள் இரு சாராருக்கும் ஒன்றே. நோய் இடத்தைப் பற்றியதோ என்னும் ஐயத்தைப் போக்க, இடையில் இரு சாராரும் இடம் மாற்றப்பட்டனர். அரிசி மட்டும் மாற்றப்படவில்லை.

ஓராண்டு கழிந்தபின் கிடைத்த விடை ஐயத்திற்கு இடந்தரவில்லை. பச்சரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்றனர்; 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். ஐயுற்றுத் தொடங்கிய பிளெட்சர், தம் கண்டுபிடிப்பை மறைக்காமல் 1907-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். அரிசியில் நஞ்சு உள்ளதா, ஊட்டம் குறைவாக உள்ளதா, அல்லது அக்குறைவினால் மெலிந்த உடலில் கிருமி புகுகிறதா என்னும் மூன்று வழிகளையும் அவர் திறந்தே வைத்தார். தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லி நிறுத்தும் அந்த அடக்கம், ஆய்வு செய்வோர் அனைவரும் கற்கத்தக்கது.

வரிசையில் நிறுத்தி எண்ணப்பட்ட அந்த மனிதர்களை நாம் மறத்தலாகாது. நோயுற்ற மனத்தினரான அவர்களிடம் எவரும் இசைவு கேட்டிருக்க இயலாது. ஒருவர் ஒற்றைப்படையில் நின்றார். அடுத்தவர் இரட்டைப்படையில் நின்றார். அந்த ஓரடி இடைவெளியே ஒருவருக்கு வாழ்வும் மற்றவருக்குச் சாவும் ஆயிற்று. மருத்துவ வரலாறுகளில் அவர்கள் எண்களாகவே நமக்கு அறிமுகமாகின்றனர். இன்று உலகின் பல நாடுகளில் குழந்தைகள் நலமாக நடமாடுகின்றன என்றால், அதில் பெயரறியாத அந்தப் பதினெண்மரின் பங்கும் உண்டு. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அவர்தம் இசைவு வேண்டும் என்னும் அறம் பின்னாளில் உலகில் நிலைபெற்றது. அந்த அறம் ஏன் தேவை என்பதற்கும் இந்நிகழ்ச்சியே சான்றாகும்.

துரியான் திப்புஸ் காட்டில்

மனநோயாளரின் உடல்நிலை வேறு, நலமுள்ளோரின் உடல்நிலை வேறு என்று அப்போதும் சிலர் வாதிட்டனர். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், தாமஸ் ஸ்டாண்டன் என்னும் இருவர் அவ்வாதத்திற்கும் விடை கண்டனர். நெகிரி செம்பிலானில் துரியான் திப்புஸ் என்னும் காட்டுப் பகுதியில் சாலை அமைக்க வந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்து அவர்களின் உணவைக் கண்காணித்தனர். வெள்ளை அரிசி உண்ட குழுவில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய் தோன்றியது. புழுங்கல் அரிசிக்கு மாற்றியவுடன் புதிய நோயாளர் தோன்றுவது நின்றது. பின்னர் மற்றக் குழுவுக்கு வெள்ளை அரிசி அளித்தபோது அவர்களிடமும் அதே நோய் தலைகாட்டியது. முடிவுகளை 1909-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்விருவரின் பெருமை இத்துடன் முடியவில்லை. அரிசியின் உள்ளே நுழைந்து ஆராய்ந்தவர்கள் அவர்களே. தீட்டும்போது கழியும் தவிட்டை மீண்டும் வெள்ளை அரிசியோடு கலந்து கோழிகளுக்கு அளித்தபோது அவை நோயின்றி வாழ்ந்தன. தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறும் கோழிகளைக் காத்தது. ஆகவே அரிசியில் நஞ்சு ஏதுமில்லை; காக்கும் பொருள் ஒன்று தவிட்டோடு நீங்கிப் போயிருக்கிறது என்பது புலனாயிற்று. பிராடனின் பார்வை சரி. அவர் கருதிய நஞ்சு மட்டும் தவறு.

அப்பொருள் இன்னதென அறியாதபோதும், அரிசி பாதுகாப்பானதா என்று கண்டறிய அவர்கள் ஒரு வழி வகுத்தனர். அரிசியின் மேலடுக்குகளில் பாஸ்பரஸ் மிகுதி. எனவே பாஸ்பரஸ் குறைந்தால் மேலடுக்கு தீட்டப்பட்டுவிட்டது என்று பொருள். பாஸ்பரஸ் ஐந்து ஆக்சைடு நூற்றுக்கு 0.4 பங்கினும் குறைந்த அரிசி ஆபத்தானது என அவர்கள் அளவு குறித்தனர். பாஸ்பரஸ் நோயைத் தடுக்கும் மருந்தன்று; தவிடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் காட்டும் அடையாளம் மட்டுமே. பயிரின் உணவு மதிப்பை வேதியியல் முறையில் அளந்து மக்கள் நலத்திற்குப் பயன்படுத்திய தொடக்கக்கால முயற்சிகளுள் இது ஒன்று. அது நம் நாட்டில் நிகழ்ந்தது. 1910-இல் மணிலாவில் கூடிய கிழக்காசிய வெப்பமண்டல மருத்துவச் சங்கம், வெள்ளை அரிசியையே தொடர்ந்து முதன்மை உணவாக உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் நிறைவேற்றியது.

தவிட்டிலிருந்து உயிர்ச்சத்து

மலாயாவின் ஆய்வு தனியே நின்றதன்று. சப்பானியக் கடற்படை மருத்துவர் தக்காகி, 1884-இல் கப்பலின் உணவை மாற்றியே இந்நோயைக் கட்டுப்படுத்தினார். சாவகத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், வெள்ளைச் சோறு உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். அவருடைய நண்பர் வோர்டர்மன், அத்தீவின் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்து 1897-இல் அறிக்கை தந்தார். தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36-இல் பெரிபெரி இருந்தது; தீட்டாத அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே இருந்தது. எய்க்மனின் உதவியாளராயிருந்த கிரைன்ஸ், 1901-இல், உணவில் இன்றியமையாத ஏதோ ஒன்று இல்லாமையே நோய் என்று கூறினார். பிற்காலத்தில், 1929-இல், எய்க்மன் நோபல் பரிசு பெற்றார்.

1912-இல் இலண்டனில் ஆய்வு செய்த கசிமிர் பங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்று பெயர் சூட்டினார். தமிழில் நாம் அதனை உயிர்ச்சத்து என்கிறோம். 1926-இல் யான்சன், டோனாத் என்னும் இருவர் பத்தேவியாவில் தவிட்டிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை முற்றக் கண்டு, 1936-இல் செயற்கையாக ஆக்கியவர் இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார்.

இந்த வில்லியம்ஸ் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886-ஆம் ஆண்டில் சமயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1910-இல் மணிலாவில் இளம் வேதியியலாராக இருந்தபோது, எட்வர்ட் வெடர் என்னும் படை மருத்துவர் தவிட்டுச் சாறு ஒன்றை அவரிடம் தந்து, இதனுள் இருக்கும் பொருளைக் கண்டுபிடி என்றார். அச்சாற்றின் துளிகள் சாகும் நிலையில் இருந்த குழந்தையைப் பிழைக்கச் செய்வதை அவர் கண்கூடாகக் கண்டார். பின்னர் அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோதும், ஓய்வு நேரத்தையெல்லாம் அத்தவிட்டுக்கே செலவிட்டார். தொடங்கியது 1910, முடித்தது 1936. இருபத்தாறு ஆண்டுகள் ஒரே பொருளைத் தேடிய அந்த விடாமுயற்சியின் விளைவே, இன்று ‘தயமின்’ அல்லது உயிர்ச்சத்து பி1 எனப்படுவது.

இப்போது பாட்டிமார் செய்த வேலையின் உட்பொருள் விளங்குகிறது. பி1 சத்து நெல்மணியின் முளையருகிலும் தவிட்டு அடுக்கிலும் தங்கியிருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரையும் அச்சத்து உள்நோக்கி நகர்ந்து அரிசியின் நடுப்பகுதியில் படிகிறது. பின்னர்த் தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது. நாம் உண்ணும் மாப்பொருளை உடல் ஆற்றலாக மாற்ற இச்சத்து வேண்டும். இதனை உடல் நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. ஆதலின் சில வாரங்கள் கிடைக்காவிடினும் நரம்பும் இதயமும் தளர்கின்றன.

குன்னூரும் மைசூரும் திருவாரூரும்

தமிழகத்திலும் இவ்வாய்வு தழைத்தது. இராபர்ட் மெக்காரிசன் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலவ, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்தது. மலாயாவில் கண்ட அதே வேறுபாடு தாய்நாட்டிலும் காணப்பட்டது. அவருக்குப்பின் வந்த அய்க்ராய்ட், 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு நூலாக்கினார். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் அவர் குழுவினரும் அப்பட்டியலை விரிவாக்கினர். அதிலுள்ள சில எண்களை நம் மாணவர் கரும்பலகையில் காண வேண்டும். நூறு கிராம் அரிசியில் பி1 சத்து, ஆலையில் தீட்டிய பச்சரிசிக்கு 0.06 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய புழுங்கலுக்கு 0.21, கைக்குத்தல் பச்சரிசிக்கு 0.21, கைக்குத்தல் புழுங்கலுக்கு 0.27. நாம் கோழிக்கும் மாட்டுக்கும் போடும் தவிட்டிலோ 2.70. நூறாண்டு வரலாறும் இந்த ஐந்து எண்களுள் அடங்கும்.

இத்துறையில் ஒரு தமிழரின் வாழ்க்கையையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். வி. சுப்பிரமணியன் (1902–1979) நீர் தேங்கிய வயல் மண்ணின் உயிர்வேதியியலை இங்கிலாந்தில் ஆராய்ந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, 1950-இல் மைசூரில் தொடங்கப்பட்ட மைய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக் கழகத்தின் இயக்குநரானார். பழைய முறையில் நெல்லைக் குளிர்நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்ததால் புழுங்கல் அரிசியில் ஒரு வாடை வீசியது. பலர் அதனை வெறுக்க அதுவே காரணம். நெல்லைச் சுடுநீரில் சில மணி நேரமே ஊறவைத்து வாடையில்லாத அரிசி எடுக்கும் முறையை அக்கழகம் உருவாக்கியது. ஓய்வுக்குப் பின்னரும் அவர் வாளாவிருக்கவில்லை. திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையம் அமைய அடிகோலினார். அம்மையமே பின்னர்த் தஞ்சாவூரில் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. வயலின் சேற்றில் தொடங்கி உலையின் சோற்றில் முடிந்த அவருடைய ஆய்வு வாழ்வு, உழவும் அறிவியலும் ஒன்றையொன்று தேடி வருவதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பாதுகாப்பு அறுந்த காலம்

வழக்கம் தந்த பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதைச் சப்பானியர் ஆட்சிக்காலம் காட்டிற்று. பர்மா, சயாம் அரிசி வரவு குன்றியது. மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு காலந்தள்ளினர். சத்துக்குறை நோய்கள் நாடெங்கும் பெருகின. 1942-இலும் 1943-இலும் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் வாந்திபேதியோடும் மலேரியாவோடும் வயிற்றுளைச்சலோடும் பெரிபெரியும் சேர்ந்து மனிதரை மாய்த்தது. பிராடன் காலத்தில் இந்நோயை அறியாதிருந்த இனம், புழுங்கல் அரிசி கைநழுவிய சில மாதங்களில் அதற்கு ஆட்பட்டது. காப்பு உடலில் ஊறியதன்று, உணவில் இருந்தது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

நம் வயலும் நம் வகுப்பும்

இன்று பெரிபெரி நம்மிடையே அரிதாகிவிட்டது. பலவகை உணவு கிடைப்பதே அதற்குக் காரணம். ஆயினும் அரிசியின் வெண்மையையே உயர்வாகக் கருதும் எண்ணம் மறையவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிக உயர்ந்து நிற்கிறது. இதற்கு அரிசி ஒன்றே காரணமென்று கூறுதல் பிழை. புழுங்கல் அரிசி எல்லாவற்றுக்கும் மருந்தென்று கூறுதலும் பிழை. என்ன உண்கிறோம், அதில் என்ன இருக்கிறது, எது போய்விட்டது என்று கேட்கும் பழக்கமே நமக்கு வேண்டுவது.

நம் மண்ணுக்கும் நம் தட்டுக்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியது. செபராங் பிறையைச் சேர்ந்த புக்கிட் மேரா நெல் ஆய்வு நிலையத்தில், தைவானின் தைச்சுங் 65 நெல்லும் மலாய் உழவரின் மாயாங் எபோஸ் 80 நெல்லும் கலந்து ‘மாசூரி’ என்னும் நெல்வகை உருவாயிற்று. 1965-இல் உழவர்க்கு வழங்கப்பட்டது. லங்காவியின் கதைப்பெண் பெயர் தாங்கிய அந்நெல் கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்று, தமிழ்நாட்டில் ‘பொன்னி’ என்று பெயர் பெற்றது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. கடைகளில் நாம் இந்திய அரிசி என்று விரும்பி வாங்கும் பொன்னியின் மூதாதை, நம் பள்ளிகளுக்கு அண்மையிலுள்ள வயலில் பிறந்தது. அதே பொன்னி பச்சரிசியாகவும் கிடைக்கிறது, புழுங்கலாகவும் கிடைக்கிறது. விதை ஒன்றே, நெல்லை எவ்வாறு பதப்படுத்துகிறோம் என்பதில்தான் சத்தின் வேறுபாடு இருக்கிறது.

முன்னோர் செய்தனர் என்பதற்காக மட்டும் ஒரு வழக்கத்தைப் போற்றுதல் போதாது. பழையது என்பதற்காக அதனைத் தள்ளுதலும் கேடு. தமிழ்ப் பெண்கள் காரணம் அறியாமல் காத்த ஒன்றை, மலாயாவின் மருத்துவர்கள் ஐயுற்று, ஒப்பிட்டு, அளந்து காரணம் கண்டனர். ஒருவர் மற்றவரின்றி முழுமை பெறவில்லை. பெயர் தெரியாத அப்பெண்களையும், எண்களாகவே எஞ்சிய அந்த விடுதி நோயாளர்களையும், இருபத்தாறு ஆண்டுகள் தவிட்டைத் தேடிய வேதியியலாரையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. அடுத்த முறை வகுப்பில் நெல்லைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், ஒரு பிடி பச்சரிசியையும் ஒரு பிடி புழுங்கல் அரிசியையும் மேசைமேல் வைத்து, இரண்டிற்கும் வேறுபாடு என்ன என்று மாணவரைக் கேட்பாராக. வரலாறும் அறிவியலும் அந்த ஒரு வினாவிலிருந்தே தொடங்கும்.